பாம்பன் வீட்டு மைக்ரோவேவ்: ஃபியூஸ் இரண்டு முறை போனது எதனால்?

கருவி: 20 லிட்டர் சோலோ மைக்ரோவேவ் ஓவன், இரண்டு திருகுக் குமிழ் கொண்ட மெக்கானிக்கல் மாடல். வெளியீடு 700 வாட். வாங்கி நான்கு ஆண்டுகள். இடம்: பாம்பனில் வடகடலைப் பார்த்த வீடு. சமையலறை ஜன்னலை ஒட்டி ஒரு கடப்பாக்கல் மேடை, அதன்மேல் ஓவன். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் அந்த ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்தக் காற்றைத்தான் ஓவனின் ஃபேன் ஓடும் நேரமெல்லாம் உள்ளே இழுத்து, டிரான்ஸ்ஃபார்மர் மேலும், மைக்ரோவேவை உண்டாக்கும் மேக்னட்ரான் மேலும் ஊதிக்கொண்டிருந்தது.

பழுதுபார்க்க வந்தபோது ஓவன் முழுக்கச் செத்திருந்தது. லைட் இல்லை, ஃபேன் இல்லை. ஏற்கெனவே ஒரு கடையில் ஃபியூஸ் மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதும் லைட் எரிந்தது, தட்டு சுற்றியது. ஓடும்போது கதவைத் திறந்ததும் 'டப்' என்று மறுபடி போய்விட்டது. "டிரான்ஸ்ஃபார்மர், மேக்னட்ரான் ரெண்டும் அவுட்டு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கார அக்காவிடம் பேசியதில்தான் வழக்கின் பாதி வெளியே வந்தது.

"மொதல்ல ஒரு மாசமா ஒரு நாளு சூடாகும், ஒரு நாளு ஆகாது தம்பி. அப்புறம் லைட்டு எரியிது, தட்டு சுத்துது, 'உம்ம்'னு பெருசா சத்தம் மட்டும் வருது. கொழம்பு ஐஸ் மாதிரியே இருக்கு."

"சூடாகுதான்னு நடுவுல தெறந்து பாப்பீங்களாக்கா?"

"ஆமா, ஒரு தடவ வச்சா நாலஞ்சு தரம் தெறந்து தொட்டுப் பாப்பேன். அப்படித் தெறக்கையிலதான் 'டப்'புன்னுச்சு."

இந்தப் பேச்சில் மூன்று தனித்தனிப் பழுதுகள் இருக்கின்றன. விட்டு விட்டுச் சூடாவது ஒன்று. சூடே இல்லாமல் பலத்த உறுமல் ஒன்று. கதவு திறக்கும் நொடியில் ஃபியூஸ் போவது ஒன்று. கடைசியாகப் போன ஃபியூஸை மட்டும் மாற்றினால் அதற்கு முந்தைய இரண்டும் அப்படியே இருக்கும். இந்தக் கரையில் வரும் ஓவன்களில் எரிந்த பார்ட் ஓரிடத்திலும் பழுதின் வேர் இன்னோரிடத்திலும் இருப்பதுதான் வழக்கம். அதனால் பார்ட்டை மாற்றுமுன் அது எரிந்த காரணத்தைத் தேடியாக வேண்டும்.

திறப்பதற்கு முன்

உயர் வோல்டேஜ் வேலை பழகியவர்கள் மட்டும் மூடியைக் கழற்ற வேண்டும். அப்போதும் பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டைச் சுமார் 2000 வோல்ட்டாக ஏற்றுகிறது. சார்ஜைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரும், ஒரு பக்கம் மட்டும் மின்சாரத்தை விடும் டயோடும் சேர்ந்து அதை மேக்னட்ரானுக்கு ஏறக்குறைய 4000 வோல்ட் டிசியாகக் கொடுக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கக்கூடும். அதற்குள் சுமார் 10 மெகா ஓம் வடிப்பு ரெசிஸ்டர் உண்டு. நல்ல நிலையில் ஒரு நிமிடத்துக்குள் சார்ஜை வடித்துவிடும். அந்த ரெசிஸ்டர் அறுந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும், ஐந்து நிமிடம் கைவைக்காமல் இருந்து மறுபடி தொடப்போனாலும், டிஸ்சார்ஜ் செய்தே தீர வேண்டும். நன்றாக இன்சுலேட் செய்த 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் பிரோபின் ஒரு முனையை முதலில் ஓவனின் உலோகப் பாடியில் கவ்வ வைத்துவிட்டு, மறுமுனையால் கெப்பாசிட்டரின் இரண்டு டெர்மினல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, கடைசியில் இரண்டுக்கும் குறுக்கே வைக்க வேண்டும். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

மூடியின் ஸ்குரூ ஆறில் நான்கு துருவில் இறுகியிருந்தன. துரு இளக்கும் எண்ணெயை ஸ்குரூ தலையில் ஒரே சொட்டு விட்டு அரைமணி நேரம் விட்டால் போதும். ஸ்பிரேயாக அடிக்கக் கூடாது. எண்ணெய்ப் படலம் உள்ளே போய் உயர் வோல்டேஜ் பாகங்களில் படிந்தால், தூசியைப் பிடித்து, நாளடைவில் மின்சாரம் ஊர்ந்து போகும் பாதையாகிவிடும்.

கண்ணில் பட்டவை

மீட்டரை எடுக்குமுன் டார்ச் அடித்துப் பத்து நிமிடம் பார்ப்பது நல்லது. டிரான்ஸ்ஃபார்மர் தகடுகளின் ஓரமெல்லாம் செந்துரு. அது பார்க்கத்தான் பயங்கரம், பெரும்பாலும் தொல்லை செய்யாது. கவனிக்க வேண்டியது லக்குகளை, அதாவது வயர் நுனியில் மாட்டும் உலோகக் கவ்விகளை. மேக்னட்ரானுக்குள் சூடேறும் இழையான ஃபிலமென்ட்டுக்குப் போகும் இரண்டு லக்குகளில் ஒன்று தன் வெள்ளி நிறத்தை இழந்து ஊதா கலந்த கருப்பாகியிருந்தது. அதன் பிளாஸ்டிக் உறை சுருங்கிப் பழுப்பேறியிருந்தது. விரலால் லேசாக இழுத்ததும் கழன்று வந்துவிட்டது. நல்ல லக்காக இருந்தால் பிளையர் போட்டு ஆட்டித்தான் எடுக்க வேண்டும். அதன் வாயில் பச்சைக் களிம்பு. வயரின் உறையை ஓர் அங்குலம் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகளும் கருத்திருந்தன.

இரண்டாவது, டயோடின் பாடி முனை. வளைய லக்கை ஸ்குரூ போட்டுத் தகட்டில் முடுக்கியிருப்பார்கள். அந்த ஸ்குரூவுக்கு அடியில் துரு பொருமி வளையத்தைத் தூக்கிவிட்டிருந்தது. வளையத்தின் ஓரத்தில் தீப்பொறி கடித்த சின்னச் சின்னக் குழிகள்.

மூன்றாவது, சமைக்கும் அறையின் வலப்பக்கச் சுவரில், மைக்ரோவேவ் உள்ளே வரும் வாயை மூடியிருக்கும் மைக்கா தகடு. மீன் குழம்பு தெறித்துக் கொழுப்பு ஊறி, ஒரு மூலை கரிந்திருந்தது. இது தனிக் கதை, பிறகு வரும்.

மீட்டர் சொன்னது

ஃபியூஸ் அறுந்திருந்தது. அங்கே இருக்க வேண்டியது 10 ஆம்பியர், பீங்கான் குழாய் வகை. முன்னர் மாற்றியவர்கள் கண்ணாடிக் குழாய் போட்டிருந்தார்கள். பெரிய ஷார்ட்டில் கண்ணாடி வெடித்துச் சிதறும் என்பதால் பீங்கானைத்தான் போட வேண்டும்.

கதவுப் பக்கம் மூன்று மைக்ரோ சுவிட்ச். ஒவ்வொன்றின் வயரையும் கழற்றிவிட்டுக் கன்டினியூட்டி பார்க்க வேண்டும். வயரோடு பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மர் சுற்று குறுக்கே நின்று பொய் சொல்லும். பிரைமரி சுவிட்ச் கதவு மூடியிருந்தால் இணைப்பு காட்ட வேண்டும், திறந்தால் காட்டக் கூடாது. இதில் திறந்தாலும் மூடினாலும் இணைப்பு. உள்ளே கான்டாக்ட் ஒட்டிப் பற்றவைத்தது போல ஆகிவிட்டது. மானிட்டர் சுவிட்ச் இதற்குத் தலைகீழ்: கதவு திறந்தால் இணையும். அது தன் வேலையைச் சரியாகவே செய்தது.

ஃபியூஸின் மர்மம் இங்கேயே தீர்ந்தது. மானிட்டர் சுவிட்ச் இருப்பதே காவலுக்குத்தான். பிரைமரி ஒட்டிக்கொண்டு, கதவு திறந்த பிறகும் மைக்ரோவேவ் வெளியே வரும் நிலை ஏற்பட்டால், மானிட்டர் லைனை வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃபியூஸை ஊதிவிடும். அந்த 'டப்', ஓவன் வீட்டாரைக் காப்பாற்றிய சத்தம். அதைப் புரிந்துகொள்ளாமல் பெரிய ஃபியூஸ் போடுவதும், ஃபியூஸ் இடத்தில் கம்பி சுற்றுவதும், மானிட்டர் வயரைக் கழற்றிவிடுவதும் குற்றத்துக்குச் சமம். திறந்த கதவு வழியாகக் கண்ணுக்கும் உடம்புக்கும் நேராக அடிக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர்: 230 வோல்ட் வரும் பிரைமரி சுற்று 2.1 ஓம், உயர் வோல்டேஜ் சுற்று பாடிக்கு 118 ஓம், ஃபிலமென்ட் சுற்று ஏறக்குறையப் பூஜ்யம், பிரைமரியிலிருந்து பாடிக்கு இணைப்பே இல்லை. நல்லது.

கெப்பாசிட்டர்: மேலே 0.95 மைக்ரோஃபாரட், 2100 வோல்ட் ஏசி என்று அச்சு. அளந்தால் 0.94. வடிப்பு ரெசிஸ்டர் 9.9 மெகா ஓம். டெர்மினலிலிருந்து உறைக்கு இணைப்பு இல்லை. நல்லது.

டயோடைச் சோதிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதற்குள் பல சிலிக்கான் சந்திப்புகள் வரிசையாக இருப்பதால், மல்டிமீட்டரின் டயோடு நிலை கொடுக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு அது திறக்காது. நல்ல டயோடும் இரண்டு பக்கமும் அறுந்தது போலவே காட்டும். நல்லதைக் குப்பையில் போட்டவர்கள் நிறையப் பேர். சரியான வழி: ஒரு 12 வோல்ட் பேட்டரி, டயோடு, டிசி வோல்ட்டில் வைத்த மீட்டர், மூன்றையும் வரிசையாக இணைக்க வேண்டும். விசைப்படகு பேட்டரியோ பைக் பேட்டரியோ போதும், பாம்பனில் அதற்குப் பஞ்சமில்லை. நல்ல டயோடு ஒரு பக்கம் பேட்டரியை விடக் குறைவான வோல்ட் காட்டும். முனையைத் திருப்பினால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். இந்த டயோடு இரண்டு பக்கமும் முழு 12 வோல்ட்டைக் காட்டியது. முழு ஷார்ட்.

டயோடு ஷார்ட்டானால் மேக்னட்ரானின் உயர் வோல்டேஜ் முனை பாடியோடு நேராக இணைந்துவிடும். மேக்னட்ரானுக்கு வோல்டேஜே கிடைக்காது. ஆனால் கெப்பாசிட்டர் 2000 வோல்ட் ஏசியின் குறுக்கே உட்கார்ந்துவிடுவதால் அதன் வழியே ஏறக்குறைய 0.6 ஆம்பியர் சும்மா ஓடும். உறுமலின் காரணம் அதுதான். 10 ஆம்ப் ஃபியூஸ் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே பலத்த உறுமல், சூடு இல்லை, ஃபியூஸும் போகவில்லை என்றால் முதலில் டயோடைச் சந்தேகிக்க வேண்டும். கெப்பாசிட்டர் ஷார்ட் என்றால் பெரும்பாலும் ஃபியூஸ் தாங்காது.

மேக்னட்ரான்: மீட்டர் வயரின் எதிர்ப்பைக் கழித்தால் ஃபிலமென்ட் 0.2 ஓம். பாடிக்கு மல்டிமீட்டரிலும், இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரிலும் முள் அசையவில்லை. காந்த வளையங்களில் விரிசல் இல்லை. "அவுட்டு" என்று சொல்லப்பட்ட மேக்னட்ரான் நல்ல நிலையில் இருந்தது. இதன் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டும். டயோடும் சுவிட்சுகளும் சேர்த்துச் சில நூறுகளில் முடியும். சந்தேகத்துக்காக மேக்னட்ரானை மாற்றச் சொல்வது வாடிக்கையாளரின் பணத்தை விளையாட்டாக எடுப்பது.

எது முதலில், எது பிறகு

மேக்னட்ரான் ஃபிலமென்ட்டுக்கு வேண்டியது சுமார் 3.3 வோல்ட், ஆனால் 10 ஆம்பியர். இவ்வளவு குறைந்த வோல்டேஜில் இவ்வளவு கரண்ட் ஓடும் இடத்தில் இணைப்பில் 0.1 ஓம் சேர்ந்தாலே 1 வோல்ட் அங்கே எரிந்துபோகும். மூன்றில் ஒரு பங்கு. லக் 10 வாட் சூட்டில் வேகும், ஃபிலமென்ட் குளிர்ந்து கிடக்கும். வீட்டு வயரிங்கில் இந்த 0.1 ஓம் பல இடங்களில் உறைக்காது. இங்கே அதுவே நோய். உப்பு ஈரம் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சி லக்கின் வாயில் தங்குகிறது, தகரப் பூச்சைத் தின்று களிம்பு ஏற்றுகிறது, களிம்பு சூடாக்குகிறது, சூட்டில் லக்கின் பிடி தளர்கிறது, தளர்ந்த இடத்தில் இன்னும் உப்பு. ஒரு நாள் சூடாகி ஒரு நாள் ஆகாமல் இருந்த அந்த மாதம் இதுதான்.

ஃபிலமென்ட் குளிர்ந்து மேக்னட்ரான் கரண்ட் இழுக்காதபோது கெப்பாசிட்டர்–டயோடு இணைப்பின் வோல்டேஜ் வழக்கமான 4000-ஐத் தாண்டி 5000-க்கு மேல் ஏறும். டயோடின் தாங்கு திறன் 12,000 வோல்ட் என்பதால் புது டயோடு இதைச் சட்டை செய்யாது. இந்த டயோடோ பாடி முனையில் துருவோடு பொறி பறக்க, சூடேறி நொந்திருந்தது. அது போனது. உறுமல் தொடங்கியது. சூடாகிறதா என்று அக்கா ஓடும்போதே கதவைத் திறந்து திறந்து பார்க்க, ஒவ்வொரு முறையும் முழு லோடை அறுத்த பிரைமரி சுவிட்ச் குழிவிழுந்து கடைசியில் ஒட்டியது. ஃபியூஸ் நான்காவதாகப் போனது. முதலில் செத்தது லக்.

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்ற ஓயாமல் பூச்சுப் பூச வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் கொடுத்தது இதே காற்றுக்காகத்தான். ஓவனின் லக்கில் இருப்பது மைக்ரான் கணக்கில் ஒரு தகரப் பூச்சு.

மாற்றியவை

10 ஆம்ப் பீங்கான் ஃபியூஸ் ஒன்று. 16 ஆம்ப், 250 வோல்ட் மைக்ரோ சுவிட்ச் மூன்று. ஃபியூஸை ஊதிய மானிட்டர் சுவிட்ச் மீட்டரில் நன்றாகத் தெரிந்தாலும் விட்டுவைக்கக் கூடாது. இரண்டு முறை ஷார்ட் கரண்டைச் சுமந்த கான்டாக்ட் மூன்றாம் முறை காவலுக்கு வருமா என்று உறுதியில்லை. பிரைமரியும் மானிட்டரும் எப்போதும் ஜோடியாக மாற வேண்டும். மூன்றாவதும் அதே வயது என்பதால் சேர்த்தே மாற்றப்பட்டது. வாங்கும்போது உருவம் ஒன்றுபோல இருக்கும். மானிட்டருக்கு அழுத்தாதபோது இணைந்திருக்கும் வகை, மற்ற இரண்டுக்கும் அழுத்தினால் இணையும் வகை. மாற்றிப் போட்டால் முதல் ஓட்டத்திலேயே ஃபியூஸ் போகும்.

டயோடு சிஎல்01-12 வகை, 12 கிலோவோல்ட், 350 மில்லி ஆம்பியர். வளைய முனை பாடிக்கு, குத்து முனை கெப்பாசிட்டருக்கு. திருப்பிப் போட்டால் மேக்னட்ரானுக்கு எதிர் வோல்டேஜ் போய்ச் சூடே வராது. சில மாடல்களில் கெப்பாசிட்டரின் குறுக்கே காப்பு டயோடு ஒன்று இருக்கும். இருந்தால் அதையும் ஜோடியாக மாற்றுவது முறை.

டயோடின் ஸ்குரூ இடத்தை உப்புத்தாள் போட்டுப் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு, மேலே வெளிப்பக்கம் மட்டும் தெளிவான வார்னிஷ் ஒரு கை. முதலில் வார்னிஷ் அடித்துவிட்டு மேலே வளையத்தை வைத்தால் இணைப்பே கிடைக்காது.

ஃபிலமென்ட் வயரைச் செம்பு சிவப்பாகத் தெரியும்வரை வெட்டிக்கொண்டே வந்ததில் ஐந்து சென்டிமீட்டர் போனது. நீளம் போதாமல் இழுத்துக் கட்டக் கூடாது. சிலிக்கான் உறை போட்ட உயர் வோல்டேஜ் வயரையே புதிதாகப் போட வேண்டும், வீட்டு வயர் ஆகாது. 6.3 மில்லிமீட்டர் தகரப் பூச்சுப் பித்தளை லக், கிரிம்ப் கருவியால் இறுக்கியது. சாதாரணப் பிளையரால் நசுக்கிய லக் மூன்று மாதத்தில் திரும்பி வரும். ஈயத்தை மட்டும் நம்பிய இணைப்பு சூட்டில் இளகும். மேக்னட்ரான் முள்ளில் ஏறியிருந்த களிம்பைக் கண்ணாடி நார்ப் பேனாவால் துடைத்தாகிவிட்டது. அரம் போட்டு மெலிய வைக்கக் கூடாது. முள்ளின் அடியில் உள்ள பீங்கானைத் தட்டவோ உடைக்கவோ வேண்டாம். சில மேக்னட்ரான்களில் பெரிலியம் ஆக்சைடு இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்கு விஷம்.

மைக்கா தகட்டைப் பழையதை அச்சாக வைத்துக் கத்தரிக்கோலாலேயே வெட்டிக்கொள்ளலாம். கரிந்த கொழுப்பு மின்சாரம் கடத்தும், அந்த மூலையிலிருந்து பொறி பறந்து சுவரின் பெயின்டைச் சுடும், அந்த இடம் துருவேறும். இந்த ஓவனில் சுவர் தப்பித்திருந்தது; கீழ் மூலையில் மட்டும் பெயின்ட் உரிந்த ஒரு கொட்டைப்பாக்களவு இடம். தேய்த்து, மைக்ரோவேவுக்கென்றே விற்கும் பெயின்ட் அடித்துச் சரியானது. துரு ஓட்டையாகியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எம்சீலோ அலுமினியத் தாளோ ஒட்டி ஓட்டையை அடைத்த ஓவனை வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

உப்பைக் கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றுக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அடிக்கும் பழக்கம் இருக்கிறது. உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பிரஷ்ஷை நனைத்துத் தகட்டையும் டெர்மினல் இடங்களையும் துடைத்து, அதற்குப் பிறகு ஆல்கஹால் போட்டால் ஈரத்தை இழுத்துக்கொண்டு போகும். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குள் தண்ணீர் போகக் கூடாது. அங்கே உலர்ந்த பிரஷ்ஷும் ப்ளோயரும் போதும். பிறகு ஒரு முழு இரவு காய வேண்டும்.

ஓட்டிப் பார்த்தது

முதலில் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி வயரைக் கழற்றிவிட்டு லைனுக்கு வரிசையில் ஒரு 100 வாட் பல்பு போட்டு ஓட்டம். கதவை அங்குலம் அங்குலமாகத் திறந்து மூடி மீட்டரில் பார்த்தால், திறக்கும்போது பிரைமரி விட்ட பிறகே மானிட்டர் இணைய வேண்டும். மூடும்போது மானிட்டர் விட்ட பிறகே பிரைமரி இணைய வேண்டும். இந்த வரிசை தவறினால் சுவிட்ச் உட்காரும் தட்டைச் சரிசெய்ய வேண்டும். வீட்டின் மூன்று பின் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்பதும் பார்க்கப்பட்டது. கடலோரத்தில் மண்ணுக்குள் இருக்கும் எர்த் பைப் அரித்துப்போவது சாதாரணம். உயர் வோல்டேஜ் பாடி வழியாகத் திரும்புகிற கருவியை எர்த் இல்லாமல் ஓட்டவே கூடாது.

பிறகு மூடியைப் போட்டுத் தண்ணீர்ச் சோதனை. ஓடும் ஓவனில் உயர் வோல்டேஜை மல்டிமீட்டரால் அளக்க யாரும் முயல வேண்டாம், மீட்டரும் கையும் போகும். ஒரு லிட்டர் தண்ணீரை முழு பவரில் இரண்டு நிமிடம் வைத்து, கலக்கிவிட்டு, ஏறிய டிகிரியை 35-ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். 29.5 டிகிரியில் வைத்த தண்ணீர் 48.5-க்கு வந்தது. 19 டிகிரி, 665 வாட். அப்போது லைன் வோல்டேஜ் 226. 700 வாட் ஓவனுக்கு இது நல்ல கணக்கு. லைன் 200-க்கு இறங்கும் மாலை நேரத்தில் இதே சோதனை மிகக் குறைவாகக் காட்டும். அதை வைத்து மேக்னட்ரானைக் குறை சொல்லக் கூடாது.

கதவு ஓரம் முழுக்க லீக்கேஜ் மீட்டரை 5 சென்டிமீட்டர் தள்ளி மெதுவாக நகர்த்தியதில், அனுமதி எல்லையான சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லி வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. செல்போனை உள்ளே வைத்து ரிங் வருகிறதா என்று பார்ப்பது இந்தச் சோதனைக்கு மாற்றாகாது.

கடைசியாகப் பத்து நிமிடம் தொடர்ந்து ஓட்டி, பிளக்கைப் பிடுங்கி, திறந்து, டிஸ்சார்ஜ் செய்து, புதிய ஃபிலமென்ட் லக்கைத் தொட்டுப் பார்த்ததில் வெதுவெதுப்பு மட்டுமே. பழைய லக்காக இருந்தால் விரல் வைக்க முடியாது.

ஓவன் ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவருக்கு, பின்பக்கம் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மாறியது. "தெறக்கணும்னா மொதல்ல டைமர சைபருக்குத் திருப்பிட்டுத் தெறங்கக்கா" என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது. வாடை முடிந்த பிறகு மூடியைத் திறந்து மறுபடி பார்த்தபோது இரண்டு லக்கும் வெள்ளையாகவே இருந்தன. பிளையர் போட்டுத்தான் ஆட்ட வேண்டியிருந்தது. மூடியின் புது ஸ்குரூ ஒன்றின் தலையில் மட்டும் துரு தொடங்கியிருந்தது, அது மாற்றப்பட்டது.